வேலை வேனில் ஏசி ஓட ஜெனரேட்டர் பொருத்துவது எப்படி? டெல்லி வெயிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் கடைசியிலிருந்து மழை இறங்கும் வரை டெல்லியில் நிறுத்தி வைத்த வேனுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது பெரும் பாடு. வெளியே 43, 44 டிகிரி என்றால் தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். நேரு பிளேஸில் உதிரிப் பொருள் வாங்கிக்கொண்டு நொய்டா, குர்காவ் அலுவலக வாசல்களில் லேப்டாப், போன் பழுது பார்க்கும் நம் ஆட்கள் பலர் ஈகோ வேனிலோ, டாடா ஏஸில் பெட்டி கட்டியோ தொழில் நடத்துகிறார்கள். "அண்ணே, ஒரு சின்ன ஜெனரேட்டரைப் பின்னாடி மாட்டி ஏசி ஓட்டிடலாமா?" என்று மே மாதம் வந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

ஓட்டலாம். ஆனால் அதில் இரண்டு காரியங்களைச் சரியாகச் செய்தாக வேண்டும். ஒன்று, சூட்டை முதலில் தடுத்து ஏசியைச் சின்னதாக்குவது. அதைச் செய்தால் ஜெனரேட்டர், எடை, பெட்ரோல், சத்தம் எல்லாமே தானாகச் சின்னதாகிவிடும். இன்னொன்று, ஜெனரேட்டர் புகை எந்த வழியாகவும் வேனுக்குள் வராமல் பார்ப்பது. முதலாவதை விட்டால் பணம் போகும். இரண்டாவதை விட்டால் உயிர் போகும்.

ஜெனரேட்டர் உண்மையில் தேவையா?

வாங்குவதற்கு முன்னால், ஒரு நாளில் வண்டியை நிறுத்திவிட்டு ஏசியோடு எத்தனை மணி நேரம் வேலை என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரம்தான் என்றால் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் போதும். 24 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் பேட்டரியில் ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம் இருக்கும். ஏசியும் விளக்கும் சேர்ந்து சராசரியாக 650 வாட் இழுத்தால் இழப்பு போக மூன்றரை மணி நேரம் வரும். சத்தம் இல்லை, புகை இல்லை. வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே 16 ஆம்பியர் பிளக் கொடுப்பார்கள் என்றால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

நாளுக்கு ஐந்தாறு மணி நேரம், கரன்ட் கிடைக்காத இடம், ஒரு நாளில் பல நிறுத்தங்கள் என்றால்தான் ஜெனரேட்டருக்கு அர்த்தம் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் மேலே படியுங்கள்.

முதல் வேலை: சூட்டைத் தடுங்கள்

பலரும் தாண்டிப் போகும் வேலை இது. என்னைக் கேட்டால் மொத்தச் செலவில் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும்.

வேனின் சுவரும் கூரையும் தரையும் சேர்த்து 20 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 43, உள்ளே 27, ஆக 16 டிகிரி வித்தியாசம். வெறும் தகரமாக இருந்தால் அதன் வழியாக மட்டும் சுமார் 1,700 வாட் சூடு உள்ளே வரும். நேர் வெயில் படும் கூரை 65 டிகிரி வரை கொதித்தால் இன்னும் ஓர் ஆயிரம் வாட்டுக்குப் பக்கம் சேரும். அதே தகரத்தின் உட்புறம் 25 மி.மீ. நைட்ரைல் ஃபோம் (சூட்டைத் தடுக்கும் ரப்பர் பஞ்சு) ஒட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து 600 வாட் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு ஆட்களின் உடல் சூடு 250 வாட், சாதனங்கள் 300, கதவு திறந்து மூடுவதிலும் வெளிக்காற்றிலும் ஓர் 500 என்று போட்டாலும் மொத்தம் 1,650 வாட்தான். ஒரு டன் ஏசியின் குளிர்த்திறன் 3,517 வாட். பாதி டன் வேலைதான் இருக்கிறது என்று அர்த்தம். ஃபோம் ஒட்டாத வேனுக்கு அதே ஒரு டன் ஏசி மூச்சு முட்டி ஓடும்.

ஃபோம் ஒட்டுவதற்கு முன் தகரத்தைத் துடைத்து, துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடியுங்கள். இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். விலா எலும்பு போல வரும் தகர மடிப்புகளையும் மூட வேண்டும். அந்த இரும்பு வழியாகத்தான் சூடு நேராக உள்ளே வரும். மேலே 4 மி.மீ. பிளைவுட் அடித்து மூடலாம். பிளைவுட், ஃபோம் எல்லாம் கீர்த்தி நகரில் ஒரே தெருவில் கிடைக்கும். கூரை வெள்ளை நிறமாக இருக்கட்டும். முன்பக்கக் கண்ணாடிக்கும் டிரைவர் இருக்கைக்கும் பின்னால் ஒரு தடுப்பு போட்டுவிட்டால் குளிர வேண்டிய இடமே குறைந்துவிடும்.

ஏசியும் ஜெனரேட்டரும்: கணக்கு

வேனுக்கு வின்டோ ஏசிதான் வசதி. ஸ்ப்ளிட் ஏசியின் செம்புக் குழாய் இணைப்புகள் வண்டி அதிர்வில் தளர்ந்து கேஸ் கசியும். வின்டோ ஏசியில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து வருகிறது. அதன் பின்பாதி முழுவதும் வண்டிக்கு வெளியே திறந்த காற்றில் இருக்க வேண்டும். பக்கவாட்டு ஓட்டைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தண்ணீர் வெளிப்பக்கம் வடியும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள்.

ஒற்றைக் குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசியை மட்டும் ஜெனரேட்டர் உள்ள வேனில் வைக்கவே வைக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் காற்றை எடுத்துத்தான் சூட்டோடு வெளியே தள்ளுகிறது. தள்ளிய காற்றுக்கு ஈடாக ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். வெளியே ஜெனரேட்டர் புகை இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

இன்வெர்ட்டர் வகை ஏசி என்றால் கம்ப்ரஸர் மெதுவாக எழும்பும். பழைய வகையில் கம்ப்ரஸர் தொடங்கும் நொடியில் ஓடும் கரன்ட்டைப்போல நான்கைந்து மடங்கு இழுக்கும். 1,200 வாட் ஏசிக்கு அந்த ஒரு நொடிக்காக 5 கேவிஏ ஜெனரேட்டர் தேட வேண்டியிருக்கும் (கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறன் அளவு, இங்கே ஒரு கேவிஏவை ஏறக்குறைய 1,000 வாட் என்று வைத்துக்கொள்ளலாம்). இன்வெர்ட்டர் ஏசிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஜெனரேட்டரிலேயே மிச்சம் பிடித்துவிடலாம்.

லேப்டாப் பழுது பார்க்கும் வேனை எடுத்துக்கொள்வோம். ஏசி உச்சத்தில் 1,200 வாட். ஹாட் ஏர் ஸ்டேஷன் (சூடான காற்றால் போர்டிலிருந்து சிப்பைக் கழற்றும் கருவி) 650. சால்டரிங், விளக்கு, ஒரு லேப்டாப் எல்லாம் சேர்த்து 150. ஆக மொத்தம் 2,000. ஜெனரேட்டர் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும்: மேக்ஸிமம், ரேட்டட். மேக்ஸிமம் என்பது சில நிமிடங்களுக்கு மட்டும். ரேட்டட் என்பது தொடர்ந்து கொடுக்கக்கூடியது, அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. சூடான காற்றில் என்ஜினின் பலம் இன்னும் கொஞ்சம் குறையும் என்பதால் டெல்லி மே மாதத்தில் இதைக் கறாராகவே பின்பற்றுங்கள். இந்தக் கணக்கில் 2,000 வாட்டுக்கு 2.5 கேவிஏ ரேட்டட் வேண்டும். கடையில் 3 கேவிஏ என்று போகும், எடை 60 கிலோவுக்குப் பக்கம். ஹாட் ஏர் ஓடும் ஐந்து நிமிடம் ஏசியை ஃபேனில் வைக்க ஒத்துக்கொண்டால் 20, 25 கிலோ எடையுள்ள 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டரே போதும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு ஆள் ஒரு கையால் தூக்கி இறக்கலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்பது ஓடத் தொடங்கியபின் தெரியும்.

ஜெனரேட்டரும் இன்வெர்ட்டர் வகையாகவே இருக்கட்டும். சாதாரண ஃபிரேம் ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு தாங்காது, லேப்டாப்பும் தாங்காது.

பெட்ரோல் செலவு: இந்த அளவு என்ஜின்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். சராசரி 800 வாட் என்று ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 2.7 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 270.

எங்கே பொருத்துவது?

கூரை மேல் வேண்டாம். வண்டியின் எடை மேலே ஏறும், வெயிலில் டேங்க் கொதிக்கும், ஏணி வைத்துப் பெட்ரோல் ஊற்ற வேண்டிவரும்.

வேலை பார்க்கும் அறைக்குள், ஒரு மூலையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு என்பது எந்த நிலையிலும் கிடையாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

டாடா ஏஸ் மாதிரி சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) தனியாக, பெட்டி தனியாக இருக்கும் வண்டியில் பெட்டிக்குப் பின்னால் சேசிஸோடு போல்ட் போட்ட ஒரு தட்டு வைக்கலாம். ஈகோவில் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால் பின்தட்டு இடிக்கும். தவிர, பின்னால் ஒருவர் வந்து மோதினால் முதலில் நசுங்குவது பெட்ரோல் நிறைந்த ஜெனரேட்டர். ஈகோக்காரர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: ஓடும்போது ஜெனரேட்டர் வண்டியில் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும், நிறுத்தியதும் கீழே இறக்கி, குறைந்தது ஆறு மீட்டர் கேபிளில் தள்ளி வைத்து ஓட்டுங்கள். உண்மையில் இடம் இருந்தால் ஏஸ்காரர்களுக்கும் இதுவே மேல். தூரத்தைப்போல நல்ல பாதுகாப்பு வேறில்லை.

அந்தப் பெட்டி எப்படி இருக்க வேண்டும்? உட்புறச் சுவர்கள் முழுக்க அடைபட்டு, மூட்டுகளில் சீலன்ட் பூசி, கதவு வெளிப்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் பெட்டியின் அடியில் வெளியே போகும் ஒரு துளை, மேலே ஒரு துளை அவசியம். பெட்டிக்குள் வைத்து ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. அது பயணத்துக்கு மட்டும்.

பின்தட்டு கட்டுவது

மாயாபுரி பக்கம் எந்த வெல்டிங் பட்டறையிலும் அரை நாளில் செய்துவிடுவார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு.

முக்கிய ஃபிரேமுக்கு 40க்கு 40, 3 மி.மீ. தடிமன் சதுர பைப். தட்டுக்கு ஆங்கிள் கட்டி, மேலே துளையுள்ள தகடு. முழுத் தகடு போட்டால் மழைத்தண்ணீரும் சிந்திய பெட்ரோலும் தேங்கும். 25 கிலோ ஜெனரேட்டர்தானே என்று மெல்லியதாகக் கட்டாதீர்கள். ரிங் ரோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த 25 பல மடங்காகித் தட்டை அடிக்கும். எடையைப்போல ஐந்து மடங்கைத் தாங்கும்படி கட்டுங்கள். எளிய சோதனை: தட்டு தயாரானதும் இரண்டு ஆட்கள் அதன் விளிம்பில் ஏறி நின்று லேசாகக் குதிக்கட்டும். வளைவு கண்ணுக்குத் தெரிந்தால் கீழே சாய்வாக ஒரு முட்டு கொடுக்கச் சொல்லுங்கள்.

சேசிஸில் நேராக வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூடு பட்ட இடத்தில் சேசிஸ் இரும்பு பலம் இழந்து, பிறகு அங்கேயே விரிசல் விடும். ஏற்கெனவே இருக்கும் துளைகளில் 8.8 கிரேடு 12 மி.மீ. போல்ட், அகல வாஷர், நைலாக் நட் (அதிர்வில் கழலாத நட்). புதுத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால் சேசிஸின் நிமிர்ந்த பக்கத்தில் மட்டும். மேல், கீழ் மடிப்புகளில் டிரில் படக் கூடாது. வண்டியில் எங்கே வெல்டிங் நடந்தாலும் முதலில் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

எடை பின்னால் தள்ளி இருந்தால் முன்சக்கரம் லேசாகும். ஏஸின் சக்கர இடைவெளி 2,100 மி.மீ. பின் அச்சுக்கு 80 செ.மீ. பின்னால் 60 கிலோவை வைத்தால் முன்னச்சிலிருந்து 23 கிலோ குறையும், பின்னச்சில் 83 கிலோ ஏறும். அதற்கேற்ப, கனமான கருவிப் பெட்டிகளை முன்பக்கம் மாற்றுங்கள்.

ஜெனரேட்டரின் ரப்பர் கால்களைக் கழற்ற வேண்டாம், அடியில் கூடுதலாக ஒரு தடித்த ரப்பர் மேட் போடுங்கள். நான்கு பக்கமும் 5 செ.மீ. உயர விளிம்பு இருந்தால் நழுவாது. இரண்டு ராட்செட் பெல்ட்களைக் குறுக்காக இறுக்குங்கள், ஆனால் பிளாஸ்டிக் உடம்பு நசுங்கும் அளவுக்கு அல்ல. கைப்பிடி வழியாக ஒரு சங்கிலிப் பூட்டு. நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் முழுசாகத் தெரிய வேண்டும். மறைந்தால் தட்டின் உயரத்தை மாற்றுங்கள்.

புகை

பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அப்புறம் தூக்கம். இதே அறிகுறிகள் வெயில் தாக்கினாலும் வரும் என்பதுதான் டெல்லியில் இதை இன்னும் ஆபத்தாக்குகிறது. "வெயில் ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டு மறுபடி அந்த வேனுக்குள்ளேயே ஏசியில் போய்ப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். வேனுக்குள் தலை வலித்தால் காரணம் தேடாதீர்கள். முதலில் இறங்கி வெளியே வாருங்கள்.

ஏசி காற்றைச் சுத்தம் செய்யாது, உள்ளே இருப்பதையே சுழற்றும். உள்ளே வந்த புகை உள்ளேயே தங்கும். ஆகவே வின்டோ ஏசியில் வெளிக்காற்றுக்கு என்று இருக்கும் சிறு கதவை எப்போதும் மூடியே வையுங்கள்.

புகைக்குழாயின் வாய் வேனுக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். அதற்கு எதிரே சுவரோ இன்னொரு வண்டியோ இருந்தால் புகை முட்டித் திரும்பும். குறைந்தது இரண்டு மூன்று மீட்டராவது வெட்டவெளி வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து வண்டியை நிறுத்துங்கள்: காற்று முதலில் வேனைத் தொட்டு, பிறகு ஜெனரேட்டரைத் தொட வேண்டும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள், நிழலாக இருக்கிறது என்று செக்யூரிட்டியே இடம் காட்டினாலும். வண்டி ஓடும்போதும் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று, புகையைப் பின்கதவோடு ஒட்டி இழுத்துக்கொண்டே வரும்.

புகைக்குழாயை நீட்டலாமா என்று கேட்பார்கள். முடிந்தால் வேண்டாம். நீட்டியே ஆக வேண்டும் என்றால் சைலன்சர் வாயைவிட அகலமான ஸ்டீல் ஃபிளெக்ஸ் குழாயாக, அதன் எடையைத் தட்டு தாங்கும்படி இருக்கட்டும். குறுகலான குழாய் என்ஜினைத் திணறடிக்கும், ரப்பர் குழாய் உருகும்.

அடுத்தது இடுக்குகள். ஜெனரேட்டரையும் பெட்ரோல் கேனையும் வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வேனின் ஒரு ஜன்னலில் ஒரு சிறு ஃபேனை வெளிப்பக்கம் காற்றுத் தள்ளும்படி வைத்து, மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கதவு ரப்பரை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். பெரும்பாலான இடத்தில் புகை நேராக மேலே எழும். ஓரிடத்தில் சட்டென்று உள்நோக்கி, உங்கள் முகத்துப் பக்கம் வளையும். அங்கே இடுக்கு இருக்கிறது. சாக்பீஸால் குறியுங்கள். பின்கதவின் கீழ் ஓரம், பின்விளக்குகளின் வயர் போகும் துளை, தரையில் பிளக் கழன்றுபோன ஓட்டைகள், ஏசியைச் சுற்றிய ஃபிரேம், இந்த இடங்களில்தான் வழக்கமாகப் பிடிபடும். கதவுக்குப் புது ரப்பர் கரோல் பாக் அல்லது காஷ்மீரி கேட் கடைகளில் கிடைக்கும். துளைகளுக்குச் சிலிகான் சீலன்ட்.

இவ்வளவும் அடைத்தபின் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுக்காற்று வேண்டுமே? வண்டியின் முன்பக்கம், ஜெனரேட்டருக்கு நேர் எதிர் முனையில், ஒரு 12 வோல்ட் சிறு ஃபேனை உள்நோக்கிக் காற்றுத் தள்ளும்படி பொருத்துங்கள். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். மேலே போட்ட சூட்டுக் கணக்கில் இதையும் சேர்த்துத்தான் 500 வாட் வைத்தேன்.

கடைசிக் காவல், கார்பன் மோனாக்சைடு அலாரம். இது புகை அலாரம் அல்ல, இரண்டும் வேறு. இஎன் 50291 தரம் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். அந்தத் தரப்படி காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு கார்பன் மோனாக்சைடு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் அது கத்தியாக வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில், ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் மாட்டுங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு. பின்பக்கம் போட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள். கத்தினால் கதவைத் திறந்து எல்லோரும் இறங்குங்கள், பிறகு ஜெனரேட்டரை அணையுங்கள். யாராவது மயங்கினால் 112. அலாரம் இல்லாத வேனுக்கு நான் வயரிங் செய்து கொடுப்பதில்லை.

ஜெனரேட்டர் ஓடும் வேனில் படுத்துத் தூங்கக் கூடாது, மதியம் அரை மணி நேரம் என்றாலும்.

வயரிங்

சாமான்கள் எல்லாம் சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸில் கிடைக்கும்: 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் ரவுண்ட் ஃபிளெக்ஸிபிள் செம்புக் கேபிள், தண்ணீர் புகாத 16 ஆம்பியர் இன்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும், 10 ஆம்பியர் சி வகை எம்சிபி (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்), இரண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (இரண்டு கரன்ட்டில் ஒன்றை மட்டும் எடுக்கும் சுவிட்ச்). எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரையோடு.

ஜெனரேட்டரிலிருந்து வரும் கேபிள் வேனின் வெளிச்சுவரில் பொருத்திய இன்லெட்டில் சொருகும். அங்கிருந்து சேஞ்ச்ஓவர், பிறகு ஆர்சிசிபி, பிறகு எம்சிபிகள். ஏசிக்குத் தனி எம்சிபி, மேஜைக்குத் தனி. சேஞ்ச்ஓவரின் இன்னொரு பக்கம் வாடிக்கையாளரின் கரன்ட்டுக்கான இன்லெட். இந்தச் சுவிட்ச் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்ற வேண்டும். இரண்டு கரன்ட்டும் ஒரே நேரத்தில் சந்திக்க வழியே இருக்கக் கூடாது. தகரத்தைத் துளைத்துக் கேபிள் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்). இல்லாவிட்டால் அதிர்விலேயே தகரம் கேபிளை அறுத்துவிடும்.

நல்ல எலக்ட்ரீஷியன்களும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. அப்படியிருந்தால் ஏசியின் உடம்பில் கரன்ட் கசிந்தாலும் அது திரும்பிப் போக வழியில்லாததால் ஆர்சிசிபி விழாது. இரண்டாவது பழுது ஒன்று சேரும்போது ஆளைத் தாக்கும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் இந்த நிலையிலும் டப்பென்று விழும், ஏனென்றால் அந்தப் பட்டன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் சோதிக்கிறது, எர்த்தைத் தொடுவதே இல்லை. பட்டனை நம்பி விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு மல்ட்டிமீட்டரில் பாருங்கள். ஃபேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் பூஜ்யம் என்றால் இணைப்பு இருக்கிறது. இரண்டுமே 110, 115 என்று பாதிப்பாதியாகக் காட்டினால் நியூட்ரல் அந்தரத்தில் நிற்கிறது.

அப்போது ஜெனரேட்டர் பக்கத்தில், சேஞ்ச்ஓவருக்கு முன்னால், நியூட்ரலையும் எர்த்தையும் ஓரிடத்தில் மட்டும் இணைக்க வேண்டும். ஜெனரேட்டரின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால். சேஞ்ச்ஓவருக்குப் பின்னால் இணைத்தால் கட்டடத்து கரன்ட்டில் சொருகும்போது அவர்களுடைய ஆர்சிசிபி விழும். வண்டியின் உடம்பு, ஏசியின் உடம்பு, ஜெனரேட்டரின் ஃபிரேம் மூன்றையும் பச்சை வயரால் ஒன்றாக்குங்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். பெயின்ட் மேல் இறுக்கிய எர்த், எர்த் அல்ல.

பெட்ரோல்

பெட்ரோலியம் சட்டம், 1934 படி விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். உலோகக் கேன் 25 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இறுக மூட வேண்டும். உங்களுக்கு 5 லிட்டர் கேன் ஒன்று தாராளம். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். கேனை வேனுக்குள் வைத்து நிரப்பாமல், பங்கில் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்.

ஜெனரேட்டரை அணைத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டபின்தான் டேங்க்கில் ஊற்ற வேண்டும். கழுத்து வரை நிரப்பாதீர்கள், சூட்டில் பெட்ரோல் விரியும். வண்டி கிளம்பும் முன் ஃபியூயல் வால்வையும், மூடியில் காற்றுத் திருகு இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். ஒரு கிலோ டிரை பவுடர் தீயணைப்பான் கதவருகில், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். தீ பிடித்த ஜெனரேட்டரைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டிய இடத்தில் அல்ல.

ஆர்டிஓ, சத்தம், குளிர்காலக் கட்டுப்பாடு

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "கழற்றக்கூடிய தட்டுதானே, யாரும் கேட்க மாட்டாங்க" என்று பட்டறையில் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வரைபடமும் எடையும் எழுதி, வண்டி பதிவான ஆர்டிஓவில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் தீ விபத்தில் கிளெய்ம் தள்ளுபடியாக அதுவே காரணமாகலாம். கீழே இறக்கி ஓட்டும் முறையை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: வண்டியில் மாற்றம் மிகக் குறைவு.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. காலனிகளுக்குள் வேலை என்றால் ஜெனரேட்டரை எக்கோ மோடில் (லோடு குறைந்தால் என்ஜின் வேகமும் குறையும் நிலை) வையுங்கள், புகைவாய் யாருடைய ஜன்னலையும் டீக்கடையையும் பார்க்காமல் இருக்கட்டும். அக்டோபருக்குப் பின் டெல்லிக் காற்று கெடும்போது கிராப் என்னும் படிநிலைக் கட்டுப்பாடுகள் வரும். அதில் ஜெனரேட்டருக்கும் தடைகள் உண்டு. அந்தந்த நேரத்து உத்தரவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் முறையும் பராமரிப்பும்

லோடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் சூடாக விடுங்கள். பிறகு ஏசி. அணைக்கும்போது தலைகீழாக: ஏசியை நிறுத்தி, ஜெனரேட்டர் இரண்டு நிமிடம் சும்மா ஓடி ஆறியபின் அணையுங்கள். ஏசியை நிறுத்தினால் மறுபடி போட மூன்று நிமிடம் பொறுங்கள். சரிவான இடத்தில் ஜெனரேட்டர் காரணமில்லாமல் நின்றால் ஆயில் குறைவு சென்சார் வேலை செய்திருக்கும். ஆயில் இருந்தும் சாய்வால் அது ஏமாறும். சமதளத்தில் வைத்துப் பாருங்கள்.

புது ஜெனரேட்டருக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றுங்கள், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது மூன்று வாரத்துக்குள் வந்துவிடும், அதனால் ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டரை 50 மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்தால் போதும் என்று கையேடு சொல்லும். புழுதிக்காற்று அடிக்கும் மே மாதத்தில் வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். அதே நாளில் தட்டின் போல்ட்களில் ஸ்பேனர் வைத்து இறுக்கம் பாருங்கள், கதவு ரப்பரைத் தடவிப் பாருங்கள், அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள்.

சீசன் முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீரும் வரை ஓடவிட்டு அணையுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் உள்ளே நின்றால் கார்புரேட்டரின் ஜெட் அடைத்துவிடும். ஏப்ரலில் வெயில் ஏறும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, லோடோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பழுது இருந்தால் மெக்கானிக்குக் கூட்டம் சேர்வதற்கு முன்பே சரி செய்துவிடலாம்.